டன் ஏறினால் ஹார்பர் வளர்கிறது என்று அர்த்தமா?

கேள்வி இதுதான்: "சென்னைத் துறைமுகம் 2024-25இல் சுமார் 5.5 கோடி டன் சரக்கைக் கையாண்டது, போன ஆண்டைவிட 6 சதவீதத்துக்கு மேல் வளர்ச்சி என்று படித்தேன். ஆனால் 2010-11இலேயே 6 கோடி டன்னைத் தாண்டியிருக்கிறதே? அன்றைக்குச் செய்ததை இன்னும் எட்டாத துறைமுகம் எப்படி வளர்கிறது? எல்லாம் வடக்கே எண்ணூர், காட்டுப்பள்ளித் துறைமுகங்களுக்குப் போய்விடும் என்கிறார்கள். என் மகன் மணலியில் ஒரு சி.எஃப்.எஸ்.ஸில் (கன்டெய்னர்க் கிடங்கில்) இப்போதுதான் வேலைக்குச் சேர்ந்திருக்கிறான். அவன் பாடு என்ன ஆகும்?"

கடைசி வரிதான் உங்களை எழுத வைத்திருக்கிறது என்று புரிகிறது. ஆனால் முதல் பாதியைப் பிரித்துப் பார்க்காமல் அதற்குப் பதில் சொல்ல முடியாது. நான் லிங்கிச் செட்டித் தெருவில் ஒரு கஸ்டம்ஸ் புரோக்கர் ஆபீஸில் முப்பது வருஷம் வேலை பார்த்தவன். எங்களுக்கு அது 'துறைமுகம்' ஆவது தேர்தல் நேரத்தில் தொகுதிப் பெயராக மட்டும்தான். மற்ற நாளெல்லாம் ஹார்பர்.

முதலில் எண்கள். ஆண்டுக் கணக்கு என்பது ஏப்ரல் முதல் மார்ச் வரை. 2010-11இல் சென்னை கையாண்டது 6.1 கோடி டன்னுக்கும் மேல், அதுதான் உச்சம். அடுத்த ஆண்டே 5.6 கோடிக்கு இறங்கியது. அதன் பிறகு பல ஆண்டுகள் 5 கோடியை ஒட்டியே ஓடி, கொரோனா ஆண்டான 2020-21இல் 4.4 கோடி டன்னுக்குக்கூட எட்டவில்லை. அங்கிருந்து ஏறி 2023-24இல் 5.16 கோடி, 2024-25இல் ஏறக்குறைய 5.5 கோடி. இந்தக் கோட்டை மட்டும் தாளில் வரைந்து பார்த்தால், விழுந்தவன் எழுந்து நொண்டி நொண்டி நடக்கிற மாதிரி இருக்கும். உங்கள் சந்தேகம் நியாயமானதுதான்.

ஆனால் அந்த 6.1 கோடிக்குள் என்ன இருந்தது என்று பாருங்கள். பெல்லாரி-ஹொஸ்பேட் பக்கமிருந்து ரயிலில் வந்த இரும்புத் தாது, வெளிநாட்டிலிருந்து இறங்கிய நிலக்கரி. இரண்டும் கனம். ஒரு கப்பல் தாது ஏற்றினால் ஒரே மூச்சில் டன் கணக்கு எகிறும். ஆனால் அதில் ஊருக்கு வேலையும் குறைவு, மதிப்பும் குறைவு. ஊருக்கு மிஞ்சியது தூசிதான். நான் அப்போது ராயபுரத்தில் குடியிருந்தேன். மொட்டை மாடியில் வெள்ளை வேட்டியைக் காயப்போட்டால் சாயங்காலம் எடுக்கும்போது மடிப்புகளில் கரி கோடு போட்டிருக்கும். காற்று திரும்பினால் கரிக்குப் பதில் செம்மண் நிறம். கொடியைத் துணியால் துடைத்துவிட்டுத்தான் துணி போடுவாள் என் மனைவி. துடைத்த துணியைத் துவைக்க இன்னொரு வாளித் தண்ணீர். ஜன்னல் கம்பியில் விரலை வைத்தால் விரல் கறுக்கும்.

உயர் நீதிமன்றமும் துறைமுகத்துக்கு எதிர்ப்புறம்தானே இருக்கிறது, தூசி அங்கே மட்டும் போகாமலா இருந்திருக்கும் என்று நாங்கள் கேலி பேசுவோம். வழக்கு நடந்து, 2011 அக்டோபர் முதல் சென்னையில் நிலக்கரியும் இரும்புத் தாதுவும் கையாளக் கூடாது, எண்ணூருக்குக் கொண்டுபோங்கள் என்று உத்தரவாயிற்று. அதற்கு முந்தைய ஆண்டே கர்நாடகம் தாது ஏற்றுமதிக்குத் தடை போட்டிருந்தது. ஆக 2011-12இல் விழுந்த டன் ஹார்பரின் சோம்பலால் விழுந்தது அல்ல. ஒரு நகரம் தன் நுரையீரலுக்காக அதை விட்டுக்கொடுத்தது. அந்த டன்னைத் திரும்பப் பிடிக்கவில்லையே என்று யாராவது வருத்தப்பட்டால், அவர் ராயபுரத்தில் துணி காயப்போட்டதில்லை என்று அர்த்தம்.

சரி, இப்போது என்ன வருகிறது? டன் கணக்கில் பாதிக்கு மேல் கன்டெய்னர். அடுத்தது எண்ணெய்: பாரதி டாக்கில் கச்சா எண்ணெய்க் கப்பல் நிற்கும், அங்கிருந்து குழாய் வழியாக மணலி சுத்திகரிப்பு ஆலைக்குப் போகும். பழைய குழாய்க்குப் பதில் புதுக் குழாய் போட்டுவிட்டார்கள். மீதி கார், உரம், இரும்பு, இயந்திரம், கிரானைட் என்று உதிரி. உல்லாசக் கப்பலும் வந்துபோகிறது. பேப்பரில் படம் போடுவார்கள், வருமானத்தில் அது ஊறுகாய் அளவு.

கன்டெய்னர் கதை 1983இல் தொடங்குகிறது, இந்திரா காந்தி முனையத்தைத் திறந்துவைத்தபோது. 2001இல் அதைத் தனியாருக்கு 30 ஆண்டு ஒப்பந்தத்தில் கொடுத்தார்கள். முதலில் பி அண்ட் ஓ, இப்போது டிபி வேர்ல்ட். 2009இல் இரண்டாவது முனையம் வந்தது, சிங்கப்பூரின் பி.எஸ்.ஏ. நடத்துகிறது. 2018-19இல் இரண்டும் சேர்ந்து 16 லட்சம் டி.இ.யூ.வைத் தாண்டின. ஒரு டி.இ.யூ. என்பது ஒரு இருபதடிப் பெட்டி. நாற்பதடிப் பெட்டி ஒன்று வந்தால் இரண்டாக எண்ணிக்கொள்வார்கள். 2010-11இல் இது 15 லட்சத்துச் சொச்சம். அதாவது மொத்த டன் சரிந்த அதே எட்டு ஆண்டில் பெட்டிகள் குறையவில்லை, கொஞ்சம் ஏறவே செய்தன. அதனால் யார் 'சாதனை ஆண்டு' என்று சொன்னாலும் நான் முதலில் கேட்பது எத்தனை டன் என்றல்ல. எத்தனை பெட்டி, ஒரு பெட்டி உள்ளே நுழைந்து வெளியேற எத்தனை மணி நேரம் என்றுதான்.

இன்னொன்றும் இருக்கிறது. துறைமுகம் இப்போது கிட்டத்தட்ட வீட்டு உரிமையாளர் மாதிரி. 2021இன் பெருந்துறைமுக ஆணையச் சட்டத்துக்குப் பிறகு பெயரே 'போர்ட் டிரஸ்ட்' போய் 'துறைமுக ஆணையம்' ஆகிவிட்டது. இடமும் கப்பல் வந்து நிற்கிற பெர்த்தும் அவர்களுடையது. கிரேன் போட்டுப் பெட்டி தூக்குவது முனையக் கம்பெனி. வருமானத்தில் பங்கு துறைமுகத்துக்கு. நடுவில் சில ஆண்டுகள் நஷ்டக் கணக்குக் காட்டியதற்குத் தாது, கரி வருமானம் போனதும் ஒரு காரணம். ஆயிரக்கணக்கில் ஆள் வைத்து மூட்டை தூக்கிய காலத்து ஓய்வூதியச் சுமையும் தலையில் இருக்கிறது.

அப்புறம், சென்னையின் உண்மையான கழுத்துப்பிடி கடலில் இல்லை, ரோட்டில் இருக்கிறது. மும்பைக்காரர்கள் நாவ சேவா துறைமுகத்தைக் கட்டும்போது ஊரைவிட்டு வளைகுடாவுக்கு அக்கரையில் கட்டினார்கள். நமக்கு ஹார்பரின் ஒரு பக்கம் பாரிமுனை, பர்மா பஜார். இன்னொரு பக்கம் காசிமேடு மீன்பிடித் துறைமுகம். தெற்கே நேப்பியர் பாலம், கூவம். பகலில் கனரக வண்டி நகருக்குள் வர முடியாது. பெட்டி ஏற்றிய டிரெய்லர் மாதவரம், மணலி, எண்ணூர் நெடுஞ்சாலை என்று வடக்கே சுற்றி ஹார்பரின் ஜீரோ கேட்டுக்கு வரவேண்டும்.

2012 வாக்கில் திருப்பூர் பனியன் ஏற்றிய ஒரு நாற்பதடிப் பெட்டி எங்கள் பொறுப்பில் இருந்தது. கப்பலுக்கு கட்-ஆஃப், அதாவது பெட்டி உள்ளே போய்ச் சேர வேண்டிய கடைசி நேரம், வெள்ளி இரவு. டிரெய்லர் புதன் விடிகாலை சாத்தாங்காட்டில் வரிசையில் சேர்ந்துவிட்டது. வியாழன் மத்தியானம் நான் டூவீலரில் போய்ப் பார்த்தேன், வண்டி திருவொற்றியூரைத் தாண்டவில்லை. டிரைவர் விருத்தாசலம் பக்கத்துக்காரர். டிரெய்லர் அடியில் சாக்கை விரித்துப் படுத்திருந்தார், தலைக்கு ஈரம் காயாத துண்டு. "அண்ணே, நீங்க போய் கப்பலை நிக்கச் சொல்லுங்க, நான் இங்கயே நிக்கிறேன்" என்றார். கிளீனர் பையன் அரைமணிக்கு ஒரு தடவை எழுந்து, முன்வண்டி நகர்ந்தால் டயர் முட்டுக் கல்லை எடுத்து மறுபடி வைப்பான். அவ்வளவுதான் அன்றைய பயணம். வெள்ளி இரவு கட்-ஆஃப் போயிற்று. பெட்டி அடுத்த வாரக் கப்பலுக்குப் போனது. சீசன் தப்பியதென்று வாங்குபவர் விலையைக் குறைத்தார். அந்த வாரம் ஹார்பரின் டன் கணக்கில் இதனால் ஒரு கிலோகூடக் குறைந்திருக்காது. ஆண்டறிக்கையில் தெரியாத நஷ்டம் என்று நான் சொல்வது இதைத்தான்.

இப்போது அந்த நிலை இல்லை. வடக்குச் சாலைகளை அகலப்படுத்தினார்கள். தொழிற்சாலையிலேயே மின்முத்திரை போட்டு அனுப்பும் முறை வந்து, கேட்டில் ஒவ்வொரு காகிதமாகக் கையெழுத்து வாங்குகிற வேலை குறைந்தது. ஆனாலும் பாதை ஒன்றுதான். ஒரு வண்டி குப்புறக் கவிழ்ந்தால் அன்றைக்கு வடசென்னையே நிற்கும்.

அதனால் எதிர்காலத் திட்டம் என்று நாலைந்து சொல்வார்களே, அதில் என்னைப் பொறுத்தவரை முதலிடம் மதுரவாயல் பறக்கும் சாலைக்குத்தான். அதன் கதை உங்களுக்குத் தெரிந்திருக்கும். 2009 ஜனவரியில் மன்மோகன் சிங் அடிக்கல் நாட்டினார். கூவத்துக்குள் தூண்கள் எழும்பின. 2012இல், ஆற்றின் ஓட்டத்தைத் தூண்கள் மறிக்கின்றன என்று மாநில அரசு வேலையை நிறுத்தியது. பத்து வருஷம் அந்தத் தூண்கள் தலையில் கம்பி முளைத்தபடி, கொக்கு உட்கார்ந்து பார்க்க வசதியாக நின்றன. 2022 மே மாதம் பிரதமர் மோடி மறுபடி அடிக்கல் நாட்டினார். இந்த முறை இரண்டு தளம்: சுமார் 20 கிலோமீட்டர், 5,800 கோடி ரூபாய்க்கு மேல். சிவானந்தா சாலையிலிருந்து கோயம்பேடு வரை கீழ்த்தளம் உள்ளூர் வண்டிகளுக்கு, மேல்தளம் துறைமுக வண்டிகளுக்கு. இது முடிந்தால் ஸ்ரீபெரும்புதூர், இருங்காட்டுக்கோட்டைப் பெட்டி வடக்கே சுற்றாமல் நேராகத் தெற்கு வாசல் வழியாக உள்ளே போகும். முதல் அடிக்கல்லுக்கும் இரண்டாவதுக்கும் இடையில் போன பதிமூன்று வருஷத்தில்தான் காட்டுப்பள்ளி வளர்ந்தது என்பதையும் சேர்த்துக் கணக்குப் போடுங்கள்.

எண்ணூரைப் பற்றி ஒரு தவறான எண்ணம் இருக்கிறது. அதைச் சென்னையின் எதிரி என்று நினைக்கிறார்கள். 2001இல் அது பிறந்ததே அனல்மின் நிலையக் கரியை இறக்கத்தான். 2014இல் காமராஜர் துறைமுகம் என்று பெயர் வைத்தார்கள். 2020இல் மத்திய அரசு தன் கையிலிருந்த மூன்றில் இரண்டு பங்கைச் சென்னைத் துறைமுகத்துக்கே 2,383 கோடி ரூபாய்க்கு விற்றுவிட்டது. மீதி ஏற்கெனவே சென்னையிடம் இருந்தது. ஆக எண்ணூருக்குப் போகிற சரக்கு சட்டைப்பையிலிருந்து பேன்ட் பைக்குப் போகிற காசு. 2024-25இல் இரண்டும் சேர்ந்து 10 கோடி டன்னைத் தாண்டின. நீங்கள் கேட்ட 'இன்னும் எட்டவில்லையே' என்பதற்கு நேரான பதில் வேண்டுமென்றால் அதுதான். அன்று சென்னையில் புழுதி கிளப்பிய கரி இன்று எண்ணூர்க் கணக்கில் இருக்கிறது. எண்ணூர்க்காரர்கள் இதைக் கேட்டால் புழுதியும் கூடவே இங்கே வந்துவிட்டது என்பார்கள், அதில் தப்பில்லை.

போட்டி என்றால் காட்டுப்பள்ளிதான். எல் அண்ட் டி கட்டியது, 2018இல் அதானி குழுமம் வாங்கியது. ஊருக்கு வெளியே இருக்கிறது, பின்னால் இடம் இருக்கிறது. மாமல்லபுரம் வரை வருகிற 130 கிலோமீட்டருக்கு மேற்பட்ட சுற்றுவட்டச் சாலையின் வடமுனையும் அந்தப் பக்கம்தான். அதை விரிவாக்கும் திட்டத்துக்குப் பழவேற்காடு மீனவர்களின் எதிர்ப்பு பலமாக இருக்கிறது. எனக்கும் அந்த விஷயத்தில் மீனவர் பக்கம்தான் மனது. அது வேறு கட்டுரை.

கடல் பக்கம் வருவோம். சென்னை இயற்கைத் துறைமுகம் இல்லை. நேர்க்கோட்டுக் கரையில் கல்லைப் போட்டுக் கடலை மறித்து உண்டாக்கியது. அதற்கு முன் கப்பல் தூரத்தில் நிற்கும், மசூலா படகில் அலை மேல் ஆடிக்கொண்டு ஆளும் சரக்கும் கரைக்கு வரும். 1875இல் அடிக்கல் நாட்டி, வேலை முடியப்போகிற சமயத்தில் 1881 புயல் அலைதடுப்புச் சுவரைப் பெயர்த்துப் போட்டது. முதலில் வாசல் கிழக்கு பார்த்து இருந்தது. மணல் வந்து அடைத்துக்கொண்டே இருந்தது. 1904இல் பொறுப்பேற்ற சர் பிரான்சிஸ் ஸ்பிரிங்தான் வாசலை வடகிழக்குக்கு மாற்றியவர். இந்தக் கரையில் ஆண்டு முழுதும் பார்த்தால் மணல் தெற்கிலிருந்து வடக்கே நகர்கிறது. சுவர் குறுக்கே வந்ததும் தெற்கே மணல் தேங்கியது. நாம் சுண்டல் சாப்பிடுகிற மெரினாவின் அகலம் அப்படிக் கிடைத்ததுதான். வடக்கே மணல் வரத்து நின்று கடல் கரையைத் தின்றது. ராயபுரம் முதல் எண்ணூர் வரை இன்று கடற்கரை என்றால் கருங்கல் குவியல்தான்.

வெளித் துறைமுகத் திட்டத்தைப் பேசும்போது இதை மறக்கக் கூடாது. இப்போதுள்ள சுவருக்கு வெளியே இன்னொரு சுவர், அதிக ஆழம், பெரிய கப்பல் என்பது யோசனை. தேவை இருக்கிறது, மறுக்கவில்லை. உலகின் மிகப் பெரிய கன்டெய்னர்க் கப்பல்கள் 24,000 டி.இ.யூ. வரை ஏற்றுகின்றன, அவை இங்கே வருவதில்லை. ஐரோப்பா, அமெரிக்கா போகிற நம் பெட்டிகளில் நிறைய கொழும்பில் இறங்கித்தான் மறுபடி ஏறுகின்றன. 2025 மே மாதம் விழிஞ்ஞம் துறைமுகம் முறைப்படி திறக்கப்பட்ட பிறகு அந்தக் கொழும்புப் பங்கில் கொஞ்சம் கேரளத்துக்குப் போகும். சென்னைக்கு வரும் என்று எதிர்பார்ப்பது வீண். கப்பல் பாதையிலிருந்து நாம் தள்ளி இருக்கிறோம். 2010களின் தொடக்கத்தில் இப்படித்தான் மெகா கன்டெய்னர் முனையம் என்று ஒன்று டெண்டர் வரை போய் நின்றது. ரோடு இல்லாமல் பெரிய கப்பல் மட்டும் வந்தால், வரிசை சாத்தாங்காட்டில் முடியாது, செங்குன்றம் வரை போகும்.

விளாடிவோஸ்டாக் பாதையைப் பற்றி அடிக்கடிப் படிப்பீர்கள். 2019இல் இந்தியாவும் ரஷ்யாவும் பேசியது. மும்பையிலிருந்து செயின்ட் பீட்டர்ஸ்பர்க் போக 40 நாள், இங்கிருந்து விளாடிவோஸ்டாக் 24 நாள் என்பார்கள். உண்மைதான், ஆனால் இரண்டும் ஒரே ஊர் இல்லை. மாஸ்கோவுக்கு அந்தக் கோடியிலிருந்து ஒன்பதாயிரம் கிலோமீட்டருக்கு மேல் ரயில் பயணம். கரிக்கும் எண்ணெய்க்கும் உதவும், ஆம்பூர் ஷூவுக்கு அவ்வளவாக உதவாது.

எனக்கு நம்பிக்கை தருவது மப்பேடு. திருவள்ளூர் மாவட்டத்தில் 184 ஏக்கரில் சரக்குப் பூங்கா. அதற்கும் 2022இல் பறக்கும் சாலைக்கு நாட்டிய அதே மேடையில்தான் அடிக்கல். ரயில் பாதையோடு வந்து, பெட்டியை அங்கேயே சேர்த்துச் சோதித்து ரயிலேற்றினால், நூறு டிரெய்லர் நகருக்குள் வராது. பறக்கும் சாலையும் மப்பேடும் ஒன்றாக முடிந்தால் இப்போதிருக்கிற இரண்டு முனையங்களே இன்னும் நிறையப் பெட்டி தூக்கும், புதுச் சுவர் போடாமலே. 2031இல் முதல் முனையத்தின் 30 ஆண்டு ஒப்பந்தம் முடிகிறது. அப்போது யார் என்ன விலைக்குக் கேட்கிறார்கள் என்பது அதற்குள் சாலை முடிந்ததா என்பதைப் பொறுத்துத்தான் இருக்கும்.

இப்போது உங்கள் பையன். சி.எஃப்.எஸ். என்றால் பெட்டி ஹார்பரைவிட்டு வந்து சுங்கச் சோதனை முடிகிறவரை தங்குகிற கிடங்கு. மணலி, மாதவரம் வட்டாரம் சென்னைக்கும் எண்ணூருக்கும் காட்டுப்பள்ளிக்கும் நடுவில் இருக்கிறது. பெட்டி எந்த வாசலில் இறங்கினாலும் அந்தப் பக்கம் வர வாய்ப்பு அதிகம். ஆகவே ஹார்பர் எண்ணூருக்குப் போனால் என்ன ஆகும் என்ற பயம் அவனுக்கு வேண்டாம். அவனுக்கு வருகிற ஆபத்து வேறு பக்கத்திலிருந்து. நம்பகமான இறக்குமதியாளர் பெட்டியைக் கப்பலிலிருந்து நேராகத் தொழிற்சாலைக்கு எடுத்துப்போகும் முறை வந்து சில ஆண்டுகளாகிறது, டி.பி.டி. என்பார்கள். அது கூடக்கூட சி.எஃப்.எஸ்.ஸில் தங்குகிற பெட்டி குறையும். வாடகை மட்டும் வாங்கிப் பிழைக்கிற கிடங்குகள் சில மூடும்.

அதனால் கேட்டில் வண்டி நம்பர் எழுதுகிற வேலையில் இரண்டு வருஷத்துக்கு மேல் அவனை இருக்க விடாதீர்கள். பில் ஆஃப் என்ட்ரி (இறக்குமதிக்கான சுங்கப் படிவம்) போடுவது, சரக்கின் வகைப்பாட்டு எண் பார்ப்பது, குளிர்பெட்டி, ஆபத்துச் சரக்கு விதிகள் என்று காகிதப் பக்கம் நகரச் சொல்லுங்கள். 2020 ஆகஸ்டில் பெய்ரூட்டில் வெடித்த பிறகு, நம் மணலியில் ஐந்து வருஷமாக 700 டன் அமோனியம் நைட்ரேட் கிடந்தது ஊருக்கே அப்போதுதான் தெரிந்தது, நினைவிருக்கிறதா? பெட்டிக்குள் என்ன இருக்கிறது என்று படிக்கத் தெரிந்தவனை எந்தக் கிடங்கும் வெளியே அனுப்பாது. கஸ்டம்ஸ் புரோக்கர் லைசென்ஸ் பரீட்சை ஒன்று இருக்கிறது. பாஸ் பண்ணுவது லேசு இல்லை, நானே இரண்டாவது தடவைதான் தேறினேன். இப்போதே பாடத்திட்டத்தை எடுத்து ஒரு தடவை புரட்டிப் பார்க்கச் சொல்லுங்கள்.